பூளைப்பூவுக்கு ஒரு பக்கம்: தாவரவியல் வகுப்பில் விக்கி அமைத்த அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். தமிழ் வழி வகுப்பு, இரண்டாம் ஆண்டில் 42 பேர். பாதிக்கு மேல் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். தமிழ் பேசும் வீடு, தெலுங்கு பேசும் வீடு, கன்னடம் பேசும் வீடு என்று எல்லைப்புறத்துக்கே உரிய கலவை. வகைப்பாட்டியல் தாளுக்குத் தமிழில் எடுத்துப் படிக்க எங்கள் நூலகத்தில் இருப்பவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். அந்தக் குறையைப் பிள்ளைகளை வைத்தே கொஞ்சம் நிரப்ப முடியுமா என்று போன கல்வியாண்டு முழுக்க முயன்று பார்த்தேன். எது வேலை செய்தது, எங்கே சிக்கியது என்று எழுதி வைக்கிறேன். வேறொரு கல்லூரியில் யாராவது தொடங்கினால் பயன்படும்.

தொடக்கம் எல்லாரையும் போல வாட்ஸப் குரூப்தான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு மாணவி லேப் வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், நாயுருவி எந்தக் குடும்பம்னு போன வாரம் குரூப்ல போட்டீங்களே, தேடித் தேடிப் பார்த்தேன், காணோம்."

நானும் என் போனில் தேடினேன். காலை வணக்கப் படங்கள், பஸ் பாஸ் அறிவிப்பு, யாருடைய பிறந்தநாளோ, தேர்வுக் கட்டணக் கடைசித் தேதி, இவற்றுக்கு அடியில் கிடந்தது நான் எழுதிய 'அமராந்தேசியே'. அதே கேள்வியை அந்த வாரத்தில் ஆறு பேர் கேட்டிருந்தார்கள், நானும் ஆறு முறை பதில் சொல்லியிருந்தேன். வாட்ஸப்பில் பேச்சு ஆறு மாதிரி ஓடிவிடும். செய்தி சொல்ல அது சரி. ஒரு வகுப்பு ஒரு வருடம் சேர்த்து வைக்க வேண்டிய அறிவுக்கு அது இடமில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதே மாதத்தில் நடந்தது. குரூப்பில் இருந்து எண்ணை எடுத்து இரண்டு மாணவிகளுக்கு யாரோ இரவில் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஒருத்தி என்னிடம் சொல்லவே பத்து நாள் ஆனது. எண்ணெல்லாம் எல்லாருக்கும் தெரிகிற குரூப்பில் அவர்களைச் சேர்த்தது நான். அது என் பொறுப்பு. அன்று சாயங்காலமே அந்தக் குரூப்பை மூடினேன். அதற்குப் பதிலாக வாட்ஸப்பிலேயே 'கம்யூனிட்டி' ஒன்றைத் தொடங்கி, அதன் அறிவிப்புக் குரூப்பை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. தேதி, இடம், கட்டணம், விடுமுறை, இவ்வளவுதான் அதில் வரும். கல்லூரியில் குரூப் நடத்தும் ஆசிரியர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய கணினியில் புது விக்கி

பாடத்துக்கு விக்கி என்று முடிவு செய்தேன். யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தைத் திறந்து திருத்தலாம், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு அழியாமல் இருக்கும். இந்த இரண்டு குணமும்தான் எனக்கு வேண்டியிருந்தது. வார்ட் கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25 அன்று முதல் விக்கியை வெளியில் விட்டபோது வைத்த பெயரே ஹவாய் மொழியில் 'சீக்கிரம்' என்று பொருள்படும் சொல். முதல் வகுப்பில் இதைச் சொன்னதும், "அப்போ ரெக்கார்டு நோட்டையும் சீக்கிரம் முடிச்சிடலாமா மேடம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் வருடக் கடைசியில் அதிகப் பக்கம் எழுதியவர்களில் ஒருவன்.

'மூடில்' (Moodle) என்ற கற்பித்தல் மென்பொருளையும் யோசித்தேன். பெரிய தளம், தேர்வு, மதிப்பெண், வருகை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதைத் தாங்க டேட்டாபேஸ் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எங்களிடம் இருந்தது லேப்பில் ஓரமாகக் கிடந்த, 4 ஜிபி நினைவகம் உள்ள ஒரு பழைய கணினி. அதனால் டோக்குவிக்கியை எடுத்தேன். ஆண்ட்ரியாஸ் கோர் 2004-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள். டேட்டாபேஸ் கிடையாது; ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். மின்சாரம் போய்ப் போய் வருகிற லேப்பில் அது பெரிய நிம்மதி.

கணினியில் டெபியன் லினக்ஸ், அதன்மேல் பக்கங்களைக் கொடுக்கும் சர்வரான அப்பாச்சே, டோக்குவிக்கி எழுதப்பட்ட மொழியான பிஎச்பி. டோக்குவிக்கியை இறக்கி, விரித்து, வெப் ஃபோல்டரில் வைத்து, டேட்டா ஃபோல்டருக்கு சர்வர் எழுதும் உரிமை கொடுத்து, நிறுவும் பக்கத்தை ஒருமுறை ஓட்டிவிட்டு அந்த ஃபைலை அழித்தேன். மொத்தமே ஒரு மதியம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். டேட்டா ஃபோல்டரை வெளியார் நேராகத் திறந்து பார்க்காமல் இருக்க ஒரு தடை ஃபைல் கூடவே வருகிறது. டெபியனில் அப்பாச்சேயின் இயல்பு அமைப்பு அந்தத் தடை ஃபைலை மதிக்காது. அப்பாச்சேயின் அமைப்பு ஃபைலில் நாமே அந்த ஃபோல்டரைப் பூட்ட வேண்டும். பூட்டியதும், முகவரியில் நேராகத் தட்டிப் பார்த்து, திறக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

லேப் உதவியாளர் அண்ணன் இரண்டு காரியம் செய்து கொடுத்தார். மின்சாரம் வந்ததும் கணினி தானாக எழுந்துகொள்ளும்படி அதன் அடிப்படை அமைப்பான பயாஸில் மாற்றினார். ரவுட்டரில் அதற்கென்று ஒரு நிலையான முகவரி ஒதுக்கினார். இரண்டாவதை முதல் வாரம் செய்யாமல் விட்டதில் திங்கட்கிழமை முகவரி மாறி, ஒருவருக்கும் பக்கம் திறக்கவில்லை.

பயனர் கணக்கு திறப்பதில் ஒரு முடிச்சு. டோக்குவிக்கி தானே பாஸ்வேர்டு உருவாக்கி மெயிலில் அனுப்பும். எங்கள் கணினியில் மெயில் ஏற்பாடு இல்லை. பிள்ளைகளில் பலர் மெயிலைத் திறப்பதும் இல்லை. அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, 42 பேரையும் பயனர் மேலாண்மைப் பக்கத்தில் நானே பாஸ்வேர்டு போட்டு ஒவ்வொருவராகச் சேர்த்தேன்.

அப்போது தோன்றிய ஒரு யோசனை, பின்னால் இந்த முயற்சிக்கே முதுகெலும்பாகிவிட்டது. ஆளுக்கொரு செடியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். விக்கியில் அதுதான் அவர்கள் பெயர். தும்பை, நெருஞ்சி, எருக்கு, குப்பைமேனி, ஊமத்தை, கோரை. யார் எந்தச் செடி என்ற பட்டியல் என் நோட்டில் மட்டும். மாணவிகளின் பெயர் வெளியே போகக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் செய்தேன். நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை நெருஞ்சி என்ற பெயரில் வந்து, "இந்த இலையமைவு எதிரிலை இல்லை, மாற்றிலை, படத்தைப் பாருங்கள்" என்று எழுதியது.

தமிழ்த் தலைப்பு உடைத்த இடம்

இரண்டாவது வாரம் ஒருவன் 'ஆவாரையின் மலர் அமைப்பும் கனி அமைப்பும்' என்று பக்கம் தொடங்கினான். சேமிக்கவில்லை; எழுத முடியவில்லை என்று சிவப்பில் வந்தது. 'ஆவாரை' என்று மட்டும் கொடுத்தால் சேமித்தது. ஃபோல்டர் உரிமைகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து ஒரு நாள் போனது.

காரணம் தலைப்பின் நீளம். டோக்குவிக்கி பக்கத் தலைப்பையே ஃபைல் பெயராக வைக்கிறது. ஆங்கிலம் அல்லாத எழுத்தை அப்படியே வைக்காமல், இணைய முகவரியில் வருமே சதவீதக் குறிகள், அந்த வடிவத்துக்கு மாற்றி வைக்கிறது. ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். மாற்றியதும் ஒன்பது எழுத்தாகிவிடும். 'னி' என்று நாம் ஓர் எழுத்தாக எண்ணுவது கணினிக்கு இரண்டு குறி, ஆக 18. அந்தத் தலைப்பை உட்கார்ந்து எண்ணினேன். இடைவெளி போக 34 குறிகள். ஒன்பதால் பெருக்கினால் 306. லினக்ஸில் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது.

அமைப்பில் 'யூடிஎஃப்-8' என்று மாற்றினால் தமிழ்ப் பெயர் தமிழாகவே நிற்கும், இடமும் மூன்று மடங்கு கிடைக்கும். ஆனால் பக்கங்கள் எழுதிய பிறகு மாற்றினால் பழைய பக்கங்களை விக்கியால் கண்டுபிடிக்க முடியாது. எங்களிடம் அதற்குள் முப்பது பக்கம் சேர்ந்திருந்தது. அதனால் வேறு வழியில் போனேன். பக்க முகவரி ஆங்கில எழுத்தில் குட்டியாக ஒன்று. பக்கத்தின் முதல் தலைப்பு தமிழில், வேண்டிய நீளத்தில். முதல் தலைப்பையே பெயராகக் காட்டு என்று அமைப்பில் ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் லிங்க், பட்டியல் எல்லாவற்றிலும் தமிழ்த் தலைப்பே வரும். இதில் கூடுதலாக ஒரு நன்மை. வாட்ஸப்பில் லிங்க் அனுப்பினால் அரைப் பக்க நீளத்துக்குச் சதவீதக் குறியாக வந்து பிள்ளைகளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது, அது நின்றது.

தமிழ் விக்கி தொடங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அப்புறம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பழைய நோட்ஸ் சிலவற்றை ஒரு டைப்பிங் சென்டரில் அதில் அடித்து வைத்திருந்தார்கள். ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுந்தது. மாற்றி வழியாக யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றிய பிறகும் 'கொடி' என்று தேடினால் சில பக்கங்கள் வரவில்லை. பார்த்தால், அங்கே ஒகரக் குறி ஒற்றைக் குறியாக இல்லாமல் கொம்பும் காலும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. தேடி மாற்றிச் சரிசெய்தோம்.

படம் ஏற்றுவதில் இரண்டு சிறு தடங்கல். பிஎச்பி இயல்பாக 2 எம்பிக்கு மேல் ஏற்ற விடாது, இன்றைய போன் படம் அதைத் தாண்டிவிடும். அந்த வரம்பை 10 எம்பி ஆக்கினேன், கூடவே மொத்த அனுப்புதலுக்கான வரம்பையும் உயர்த்தினேன். இன்னொன்று, வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிப்போய்ச் சூலகமும் மயிரிழைகளும் மங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே வரும்.

வகுப்பில் எல்லாரும் ஒரே நேரம் உட்கார்ந்த அன்று வந்த தடங்கல்தான் பெரிது. ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்தத் திறந்தால் மற்றவர்களுக்கு அது 15 நிமிடம் பூட்டிவிடும். ஐந்து பேர் குழுவில் நால்வர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். கூகுள் டாக்ஸில் இந்தப் பிரச்சினை இல்லை. நான் செய்தது, பக்கத்தை உடைத்தது. ஒரு செடிக்கு வேர்-தண்டு, இலை, மலர், பெயர்கள், பயன் என்று ஐந்து குட்டிப் பக்கம், ஆளுக்கொன்று. ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்ட 'இன்க்ளூட்' என்ற செருகுநிரல் (ப்ளகின்) உண்டு. இப்படி உடைத்ததில் யார் வேலை யாருடையது என்பதும் தெளிவானது.

நான் திருத்துவதை நிறுத்தியபோது

செப்டம்பர் முழுக்க நான் ஒரு தவறு செய்துகொண்டிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து எல்லாப் பிழையையும் நானே திருத்திவிடுவேன். காலையில் பக்கம் சுத்தமாக இருக்கும், பிள்ளைகள் அதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். யாரும் திரும்பி வந்து தொடவில்லை. மேடம் கை வைத்த பக்கத்தை யார் தொடுவார்கள்?

அக்டோபரிலிருந்து பக்கத்தில் கை வைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பேச்சுப் பக்கத்துக்கான செருகுநிரலைச் சேர்த்து, அங்கே கேள்வி மட்டும் கேட்டேன். ஆவாரைப் பக்கத்தில் அது எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

தும்பை, துறை அலமாரியில் இருந்த, சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய கேம்பிளின் பழைய நூல் தொகுதியைப் பார்த்து 'காசியா ஆரிகுலேட்டா' என்று எழுதியிருந்தது. எருக்கு அதை 'சென்னா ஆரிகுலேட்டா' என்று மாற்றியது. தும்பை மறுபடி பழையதை வைத்தது. ஒரே சாயங்காலத்தில் நாலு முறை. வரலாற்றுப் பக்கத்தில் வரிசையாகத் தெரிகிறது. நான் பேச்சுப் பக்கத்தில் கேட்டது இவ்வளவுதான்: "இரண்டு பேரும் எந்த நூலைப் பார்த்தீர்கள்? அது எந்த ஆண்டு வந்தது?"

மூன்று நாள் சத்தமில்லை. அப்புறம் தும்பை எழுதியது: கேம்பிள் தொகுதிகள் 1915 தொடங்கி வந்தவை. எருக்கு எழுதியது: இர்வினும் பார்னபியும் 1982-இல் பழைய காசியா பேரினத்தைக் காசியா, சென்னா, சேமேகிறிஸ்டா என்று பிரித்தார்கள், ஆவாரை சென்னாவுக்குப் போனது, கொன்றை காசியாவிலேயே நின்றது. "அப்போ ரெண்டு பேரும் சரிதான், நூல்தான் வேற காலம்" என்று கீழே ஊமத்தை. பக்கத்தில் இப்போது இரண்டு பெயரும் இருக்கின்றன, எது எந்த ஆண்டிலிருந்து என்ற குறிப்போடு.

நான் வகுப்பில் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை நாற்பது பேரும் மறந்திருப்பார்கள்.

கோரை கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "கொன்றையில் மூன்று மகரந்தத் தாள்கள் மட்டும் நீண்டு வளைந்திருக்குமாம். நம் சைக்கிள் ஸ்டாண்டு கொன்றை பூக்கட்டும், பார்த்துச் சொல்கிறேன்." அப்போது அக்டோபர்.

நவம்பரில் விக்கியை வெளியே கொண்டுபோனோம். கல்லூரி வைஃபைக்குள் மட்டும் திறந்தால், ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்துப் போகிற பிள்ளைகளுக்கு அதனால் என்ன பயன்? முதல்வரிடம் அனுமதி வாங்கி, சின்னதாக ஓர் இடம் வாடகைக்கு எடுத்து, ஃபோல்டரை மொத்தமாகக் கட்டி அங்கே விரித்தேன். டேட்டாபேஸ் இல்லாததால் அவ்வளவுதான் வேலை. பார்ப்பது எல்லாருக்கும், எழுதுவது எங்கள் வகுப்புக்கு மட்டும். படங்களில் போன் பதிந்து வைக்கும் இட விவரத்தை நீக்கிய பிறகே ஏற்ற வேண்டும் என்று விதி வைத்தோம். வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படம் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொங்கல் விடுமுறையில்தான் அதன் பலனைப் பார்த்தேன். போகி அன்று மத்தியானம் நெருஞ்சி ஒரு புதுப் பக்கம் தொடங்கியது. வாசலில் மாவிலை, வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்ட வைத்திருந்த வெள்ளைப் பூங்கொத்தின் படம். தலைப்பு 'பூளைப்பூ'. ஒரு மணி நேரத்தில் கீழே வரிசை கட்டிவிட்டது. "எங்க ஊர்ல பொங்கப்பூ." "பாட்டி சிறுபீளைன்னு சொல்றாங்க, கல்லடைப்புக்குக் கஷாயம் வைப்பாங்களாம்." "கண்ணுப்பீளை." யாரோ நூலைப் புரட்டி 'ஏர்வா லனாட்டா, குடும்பம் அமராந்தேசியே' என்று சேர்த்தார்கள். ஆகஸ்டில் லேப் வாசலில் வந்து நின்ற அதே மாணவி, அவள் பெயர் அங்கே குப்பைமேனி, எழுதினாள்: "அப்போ இது நாயுருவிக்குச் சொந்தக்காரச் செடி." நாயுருவிப் பக்கத்துக்கு லிங்கும் கொடுத்திருந்தாள்.

தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் அதுவரை பெயர்கள் பகுதியில் எதுவும் எழுதியதில்லை. தமிழ் வழி வகுப்பு என்பதால் தெலுங்குப் பெயருக்கு இடமில்லை என்று நினைத்திருக்கிறார்கள். அன்றைக்கு இந்த வரிசையைப் பார்த்துவிட்டு ஒருவன் ஆவாரைப் பக்கத்துக்குப் போய், "எங்கள் வீட்டில் தங்கேடு. தெலங்கானாவின் மாநிலப் பூ இதுதான்" என்று எழுதினான். அடுத்த வாரம் எல்லாப் பக்கத்திலும் தெலுங்கு, கன்னடப் பெயருக்கு வரிசை வைத்தோம். இதை நான் முதல் நாளே வைத்திருக்க வேண்டும்.

மதிப்பெண் எப்படிப் போட்டாய் என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இன்டர்னலில் அசைன்மென்ட் பகுதிக்கு மட்டும். எத்தனை பக்கம், எத்தனை வரி என்று எண்ணவில்லை. அப்படி எண்ணினால் ஒட்டி நிரப்புவார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் செய்த மூன்று திருத்தங்களை வரலாற்றிலிருந்து எடுத்து, ஏன் செய்தோம் என்று என் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். 42 பேருக்கு நாலு நாள் ஆனது. போனே இல்லாத மூன்று பேருக்கு லேப் கணினி மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்கினேன்.

சிலர் தங்கள் பக்கத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கொண்டுபோக விரும்பினார்கள். 2003-இலிருந்து நடக்கிற களம், அங்கே எழுதினால் தமிழ் படிக்கிற எவருக்கும் கிடைக்கும். பிப்ரவரியில் லேப்பில் உட்கார்ந்து கணக்குத் தொடங்கினோம். ஏழாவது ஆளுக்குத் திறக்கவில்லை. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குதான். மற்றவர்களை வீட்டில் அவரவர் டேட்டாவில் தொடங்கச் சொன்னேன். மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகி, ஒவ்வொரு வரிக்கும் சான்று வைத்து, ஐந்து கட்டுரைகளில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். பாட்டி சொன்ன கஷாயம் அங்கே போகாது, அதற்கு அச்சில் சான்று வேண்டும். அது எங்கள் விக்கியிலேயே இருக்கட்டும், யார் சொன்னது, எந்த ஊர் என்ற குறிப்போடு.

வெள்ளிக்கிழமைதோறும் முழு ஃபோல்டரும் ஒரு பென்டிரைவில் நகலாகிறது. அதை லேப் உதவியாளர் அண்ணன் பீரோவில் வைக்கிறார்.

மார்ச் கடைசியில் இன்டர்னல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டேன். விக்கியில் எழுதி இனி யாருக்கும் ஒரு மதிப்பெண்ணும் வரப்போவதில்லை. ஏப்ரல் இரண்டாம் வாரம் ஒரு ராத்திரி அண்மைய மாற்றங்களைத் திறந்தேன். ஆவாரைப் பக்கத்தில் ஒரு புதுப் படம். ஓர் உள்ளங்கையில் ஒரு கொன்றைப் பூ, இதழ்களை விலக்கி, நீண்டு வளைந்த மூன்று தாள்கள் மட்டும் வெளிச்சத்தில் தெரியும்படி. திருத்தக் குறிப்பில் எழுதியிருந்தது: "சைக்கிள் ஸ்டாண்டு கொன்றை பூத்துவிட்டது. மூன்றுதான். – கோரை."